புரட்டாசியில் தொடங்குங்கள்: சேலத்துக் குளிரில் மூச்சுத் தொல்லை இல்லாமல் இருக்க முழுமையான வழிகாட்டி

சேலத்தில் மருந்துக் கடை நடத்துகிறேன். தீபாவளி முடிந்த வாரத்திலிருந்து மாசி பிறக்கும் வரை, இரவில் கடை சாத்தும் நேரத்துக்கு ஒரே காட்சிதான். யாராவது ஓடி வந்து, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, "அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது, அந்த நீல பம்பு ஒன்று கொடுங்கள்" என்பார்கள். சீட்டைப் பார்த்துக் கொடுக்கிறேன். அந்த இழுப்புக்கான விதை இரண்டு மாதம் முன்பே விழுந்திருக்கும்: பரணிலிருந்து இறக்கி அப்படியே போர்த்திய கம்பளி, கோடையில் நிறுத்திவிட்ட தடுப்பு மருந்து, கட்டிலடியில் எரியும் கொசுவர்த்தி.

கீழே உள்ளவற்றில் பாதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தடுக்கி விழுவது வரிசையில்தான். ஐப்பசி மழையில் துவைக்க நினைத்தால் போர்வை காயாது. காய்ச்சல் வந்த பிறகு தடுப்பூசியைத் தேடி வந்தால் பயனில்லை. எனவே மாத வரிசையிலேயே எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதை வீட்டில் எப்படிச் சரியாகச் செய்வது என்பதே இங்கே பேச்சு.

1. யாருக்கு என்ன என்று எழுதுங்கள்

ஒரு நோட்டில் வீட்டிலுள்ள எல்லோரின் பெயரையும் எழுதுங்கள். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தை, 65 வயதைக் கடந்தவர், கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், சர்க்கரை அல்லது இதய நோய் உள்ளவர், பீடி சிகரெட் பிடிப்பவர் ஆகியோரின் பெயருக்கு அருகே ஒரு புள்ளி வையுங்கள். மற்றவர்களுக்கு வெறும் சளியாக வந்து போவது இவர்களுக்கு நெஞ்சில் இறங்கும்.

வழக்கமாக விட்டுப்போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர், முப்பது நாற்பது வருடம் விறகடுப்பு ஊதிய பாட்டி. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் புகை பிடித்தவருக்கு வரும் சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இவருக்கும் வரலாம். "வயதானால் இருமத்தான் செய்யும்" என்று வீட்டில் எல்லோரும் விட்டிருப்பார்கள். இன்னொருவர், தூசியிலும் புகையிலும் வேலை செய்கிறவர்: நூற்பாலையில் பஞ்சுத் தூசிக்குள் நிற்பவர், வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பவர். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகுவதாக நூற்பாலைத் தொழிலாளி சொன்னால் அது பஞ்சுத் தூசி நோயின் பழைய அடையாளம். அந்த வார்த்தையை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் யாராவது இருந்தால், இந்தப் பட்டியலை மூடிவிட்டு முதலில் அவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பனி இருமல் என்று நினைத்து தை வரை காத்திருப்பவர், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அதைக் கொடுத்துவிடுவார்.

2. முன்கூட்டியே வாங்க வேண்டியவை

ஒரு தெர்மாமீட்டர். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி. இன்ஹேலர் என்னும் பம்பு உள்ள வீட்டில் ஒரு ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய். ஆஸ்துமா உள்ளவருக்கு, பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் ஊதுகுழல் அளவி. கடைசியாகச் சொன்னதை வாங்கத்தான் பலரும் தயங்குகிறார்கள். எனக்கோ நான்கிலும் அதுதான் முதன்மையானது. மூச்சுக்குழாய் சுருங்குவதை, நெஞ்சில் விசில் சத்தம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது காட்டிவிடும்.

நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுதுங்கள். சராசரி பார்க்கக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும் புரட்டாசியிலேயே இரண்டு வாரம் ஊதி, உங்களுடைய உச்ச அளவைக் கண்டுபிடித்துவிடுங்கள். பிறகு அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 50 முதல் 80 வரை இறங்கினால் மருத்துவர் எழுதிக் கொடுத்த கூடுதல் மருந்தைத் தொடங்க வேண்டும். 50-க்குக் கீழே என்றால் மருத்துவமனை. மூச்சு வாங்கும் நாளில் முதன்முறையாக ஊதிப் பார்ப்பவருக்கு வருகிற எண்ணை ஒப்பிட எதுவும் இருக்காது.

3. மழைக்கு முன் மருத்துவரும் தடுப்பூசியும்

புள்ளி வைத்த எல்லோரையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு கேள்விகள் போதும்: "தடுப்பு மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா? திடீரென்று அதிகமானால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறீர்களா?" கேட்டால்தான் அந்தத் தாள் கிடைக்கும்.

இன்ஃபுளுயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும், ஏனென்றால் கிருமி தன் உருவை மாற்றிக்கொண்டே இருக்கிறது. போட்டபின் எதிர்ப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நியூமோகாக்கல் தடுப்பூசி வேறு. அது நிமோனியாவுக்கு எதிரானது. முதியவருக்கும் நுரையீரல் நோயாளிக்கும் அது தேவையா என்பதை அதே நாளில் கேட்டுவிடுங்கள். "போன வருடம் போட்டும் சளி பிடித்தது" என்பார்கள். சாதாரணச் சளியை உண்டாக்கும் கிருமிகள் இருநூறுக்கும் மேல். இந்த ஊசி அவற்றுக்கானதன்று.

4. மருந்துக் கணக்கு

இன்ஹேலர்களில் இரண்டு வேலைகள் உண்டு. நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து, குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்கும். திணறும்போது எடுக்கும் நீல நிற சால்பியூட்டமால், சுருங்கிய குழாயைச் சில மணி நேரம் விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. உடனே சுகம் தருவதால் மக்கள் நீலத்தை நம்பி மற்றதைக் கைவிடுகிறார்கள். ஆஸ்துமாவுக்கு இந்த விரிக்கும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதை 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே பரிந்துரைப்பதில்லை. மாதம் ஒரு நீலம் வாங்க என் கடைக்கு வருகிறவரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மற்றது எங்கே?"

"பம்பு பழகிவிடும்" என்ற பயம் இன்னும் போகவில்லை. மாத்திரையாக விழுங்கினால் மருந்து உடம்பெல்லாம் சுற்றிப் போக வேண்டும். இழுத்தால் நேராகக் குழாய்க்கே போவதால், மைக்ரோகிராம் கணக்கில் சிறிதளவே போதுகிறது. பழகுவதற்கு இதில் ஒன்றுமில்லை. நிறுத்தினால் நோய் திரும்புவதை மருந்தின் மேல் பழியாகப் போடுகிறோம்.

அடுத்தது கையிருப்பு. இன்ஹேலரில் எத்தனை வீச்சு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். 200 வீச்சு உள்ளதில் காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் 50 நாள். தொடங்கிய தேதியையும் முடியும் தேதியையும் பேனாவால் டப்பாவின் மேல் எழுதுங்கள். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம், அதை நம்பாதீர்கள். குலுக்கிப் பார்ப்பதும் அப்படித்தான். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கும் வாயு சீறும். காலி டப்பாவை ஒரு மாதம் இழுத்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று வந்தவர்கள் உண்டு.

5. இன்ஹேலரைச் சரியாக இழுப்பது

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஐந்து வருடமாக எடுக்கிறேன் என்பவரிடமும் "என் முன்னால் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்" என்பேன். பெரும்பாலும் ஒரு படியாவது தவறியிருக்கும். பொடி மருந்துக் கேப்சூலைக் கருவியில் போட்டு இழுக்காமல் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் மேல் தவறில்லை. கொடுத்தவர் யாரும் காட்டவில்லை.

முதலில் அழுத்தும் வகை. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் தூசி இருக்கிறதா என்று பாருங்கள். நான்கைந்து முறை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கியிருக்கும், குலுக்காவிட்டால் வாயுதான் வரும். புதியது என்றாலும், பல நாள் தொடாதது என்றாலும், முதலில் சில வீச்சைக் காற்றில் அடித்துவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். இந்தப் படிதான் அதிகம் தவறுகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்ற முடியாது. உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கியவுடன் ஒருமுறை அழுத்தி, தொடர்ந்து மெல்ல இழுங்கள். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். பத்து வரை எண்ணி மூச்சை அடக்குங்கள். இரண்டாவது வீச்சுக்கு அரை நிமிடமாவது காத்திருந்து, மறுபடி குலுக்கி எடுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் அழுத்துவது மருந்தை வீணடிப்பதுதான்.

அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே கணத்தில் செய்யப் பெரும்பாலோருக்கு வராது. அதற்குத்தான் ஸ்பேசர். அது குழந்தைக்கான பொருள் என்று பெரியவர்கள் வெட்கப்படுகிறார்கள். வெட்கம் வேண்டாம்; எழுபது வயது அப்பாவுக்கு அது இன்னும் அதிகம் தேவை. ஒருமுறை அழுத்தி, சாதாரணமாக நான்கு முதல் ஆறு மூச்சு விட்டு எடுத்தால் போதும். சிறு குழந்தைக்கு முகக்கவசம் பொருத்திய ஸ்பேசர். அது மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். அழுகிற குழந்தைக்கு மருந்து சரியாக உள்ளே போகாது. ஒரு நிமிடம் சமாதானப்படுத்திவிட்டுக் கொடுங்கள்.

ஸ்பேசரை வாங்கியவுடனும், பிறகு அவ்வப்போதும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பொடி வகைக்கு விதி தலைகீழ். கேப்சூல் போடுவது இதில் சேரும். குலுக்கக் கூடாது. கருவிக்குள் ஊதக் கூடாது. வாயின் ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும். முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட்டு, பிறகு வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், ஏனென்றால் பொடியைத் தூக்கிச் செல்லும் விசை உங்கள் மூச்சுதான். பத்து எண்ணி அடக்குங்கள். கேப்சூலில் பொடி மிச்சம் இருந்தால் இன்னொருமுறை இழுங்கள். இதே காரணத்தால், கடுமையாகத் திணறும் நேரத்துக்கு ஸ்பேசருடன் கூடிய அழுத்தும் வகைதான் நம்பகமானது. அப்போது வேகமாக இழுக்கும் வலு இருக்காது.

ஸ்டீராய்டு உள்ள தடுப்பு மருந்தை எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். விட்டால் நாக்கில் வெண்படலம் பிடிக்கும், குரல் கம்மும். பல் துலக்குவதற்கு முன் மருந்து என்று வைத்துக்கொண்டால் கொப்பளிப்பது மறக்காது.

6. பரண், படுக்கை, சுவர்

புரட்டாசி வெயில் இருக்கும்போதே கம்பளியையும் ரஜாயையும் பரணிலிருந்து இறக்குங்கள். ஒரு வருடத் தூசியும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும் அதில் குடியிருக்கும். தலையணை உறையையும் விரிப்பையும் 55 டிகிரிக்கு மேல் சூடான நீரில் வாரம் ஒருமுறை துவைத்தால் அந்தப் பூச்சி சாகும். குளிர்ந்த நீரில் அழுக்குத்தான் போகும். துவைக்க முடியாததை நல்ல வெயிலில் காயவைத்து, வெளியிலேயே தட்டிவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

இழுப்பு உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. முடிந்தால் அன்று வீட்டிலேயே இருக்கக் கூடாது. நம் வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. அம்மாவுக்குத்தான் இழுப்பு, அம்மாதான் பரணில் ஏறுவார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தையும் இந்த வருடம் புரட்டாசிக்கு மாற்றிப் பாருங்கள். மார்கழிக் குளிரில் சன்னலைச் சாத்திக்கொண்டு சுவர் சுரண்டிய தூசியில் படுத்தால், பொங்கலன்று மருத்துவமனையில்தான் இருப்பீர்கள்.

ஏற்காட்டு வீடுகளில் தூசியைவிடப் பூஞ்சை பெரிய தொல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். காற்று போனால் சுவர் ஓரளவு உலரும். ஈரத் துணியை அறைக்குள் உலர்த்தாதீர்கள். கரும்புள்ளி படர்ந்த இடத்தை முகக்கவசம் அணிந்து ஈரத் துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். ப்ளீச்சிங் கரைசலைப் பயன்படுத்தினால் அதோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு வரும். ஒழுகும் இடத்தை அடைக்காமல் துடைப்பது மட்டும் போதாது. ஒரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வரும்.

7. வீட்டுக்குள்ளே இருக்கும் புகை

பனியை எல்லோரும் திட்டுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான வீடுகளில் மூச்சைக் கெடுப்பது உள்ளே எரிவதுதான். கோடையில் இதே புகை சன்னல் வழியே போய்விடும். கார்த்திகை பிறந்ததும் சன்னலைச் சாத்துகிறோம், புகை மட்டும் குறைவதில்லை.

கொசுவர்த்தி: ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் அடுத்த முறை வரும்போது கொசுவலை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். மாலை ஐந்தரைக்குச் சன்னலை மூடி, சன்னலுக்கு வலையடித்து, படுக்கைக்குக் கொசுவலை கட்டுவதே சரியான வழி.

சாம்பிராணி: குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டாமல் இருந்தால் சளி பிடிக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். தலை உலர வேண்டும் என்பது அவர்களுடைய அக்கறை, அது நியாயமானதுதான். மென்மையான துண்டால் ஒற்றி எடுத்தால் அதே வேலை முடிந்துவிடும். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது; அந்தப் புகை அதற்கு நேரடி எரிச்சல். பாட்டியிடம் வாதாடாதீர்கள். "டாக்டர் வேண்டாம் என்றார்" என்று சொல்லிவிடுங்கள். மருத்துவரின் பெயருக்கு இருக்கும் மரியாதை நமக்குக் கிடையாது.

வெந்நீர்: விறகடுப்பு வெளியே இருக்கட்டும், புகை போகும் பக்கம் நிற்காமல், காற்று வரும் பக்கம் நின்று எரியுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கதவையும் காற்றுப்போக்கியையும் அடைத்துவிட்டு அதை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை, தலை சுற்றும்போது கதவைத் திறக்கும் தெம்பு இருக்காது. கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டச் சொல்லுங்கள்.

மலையில் கரி நெருப்பு: இரவில் அறைக்குள் கணப்புச் சட்டியையோ, கறி சுட்ட அடுப்பையோ வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். புகை இல்லாமல் சிவந்து கனியும் கரிதான் இன்னும் ஆபத்து, ஏனென்றால் புகையில்லை என்ற தைரியத்தில் கதவைச் சாத்துகிறோம். கூடாரத்துக்குள்ளும் இதேதான். கம்பளி இன்னொன்று கேட்டு வாங்குங்கள்.

கொலுசுப் பட்டறை வீட்டோடு இருந்தால், பற்றவைக்கும் இடத்துக்கும் குழந்தை படுக்கும் இடத்துக்கும் நடுவே கதவு வேண்டும். வேலை செய்பவரின் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறியும் வேண்டும். பற்றவைக்க உருக்கும் உலோகமான பற்றாசில் சிலவகையில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் இருக்கும். சூட்டில் எழும் அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. வாங்கும்போதே காட்மியம் இல்லாததா என்று கேளுங்கள். மூக்கில் துண்டு கட்டினால் ஆவி நிற்காது.

8. வெளியே போகும் நேரம்

சேலம் ஒரு சட்டிக்குள் இருக்கும் ஊர். வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. மார்கழி இரவில் வானம் தெளிந்திருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் அந்த மூடிக்குக் கீழேயே கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி திறக்கும்.

ஆகவே ஐந்து மணி நடைப்பயிற்சியை இழுப்பு உள்ளவர்கள் எட்டரைக்கு மேல், அல்லது மாலை நான்கு மணிக்கு மாற்றுங்கள். "காலைக் காற்று சுத்தம்" என்பது மார்கழியில் நகருக்குள் பொருந்தாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். 100 வரை நடக்கலாம். 100-ஐத் தாண்டினால் நுரையீரல் நோயாளிகள் குறைத்துக்கொள்ள வேண்டும், 200-ஐத் தாண்டினால் எல்லோரும்.

குளிர்க் காற்றுக்கு மங்கி குல்லாய் போடுகிறோம். காது, தலை, கழுத்து எல்லாம் மூடியிருக்கும், மூக்கு மட்டும் திறந்திருக்கும்! இழுப்பைத் தூண்டுவது மூக்கு வாய் வழியே போகும் குளிர்ந்த, உலர்ந்த காற்று. துண்டை மூக்கின் மேல் தளர்வாகச் சுற்றிக்கொண்டால், வெளியே விட்ட மூச்சின் ஈரமும் சூடும் உள்ளே போகும் காற்றோடு கலக்கும். புகைக்கு அந்தத் துண்டு உதவாது. அதற்கு என்-95 வேண்டும், இரண்டு பட்டையும் தலையைச் சுற்றி, மூக்குக் கம்பியை அழுத்தி. அடர்ந்த தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும்.

இரண்டு நாட்களைத் தனியே குறித்து வையுங்கள். தீபாவளியன்று தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. தெருவில் யாரும் கடைப்பிடிக்காவிட்டாலும் அதைவைத்துச் சன்னலைச் சாத்தத் திட்டமிடலாம். போகி இன்னும் மோசம். மூடி மிக இறுக்கமாக இருக்கும் விடியற்காலையில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிகின்றன. முந்தைய இரவே சன்னலைச் சாத்தி, வாசல் கதவடியில் ஈரத் துணியை வைத்து, தடுப்பு மருந்தை ஒரு வேளைகூட விடாமல், ஒன்பது மணிக்கு மேல் திறந்துவிடுங்கள்.

9. ஏற்காடு போகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் 1200 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரலுக்கு இது தெரியாது. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு ஆக்சிஜன் மானியில் சில புள்ளிகள் இறங்கும். கீழேயே அளவு குறைந்திருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

மூக்கடைப்போடு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் காது அடைத்து வலிக்கும், குழந்தை வீரிடும். சளி குறைந்த பிறகு போங்கள். நீல இன்ஹேலரை டிக்கியில் உள்ள பெட்டியில் வைக்காமல் சட்டைப் பையில் வையுங்கள். குளிர்ந்த டப்பாவிலிருந்து மருந்து சரியாக வராது, உள்ளங்கையில் ஒரு நிமிடம் சூடாக்கிவிட்டு அழுத்துங்கள். பொடி கேப்சூலை உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைத்தால் மேலே உள்ள ஈரத்தில் கெட்டுவிடும்.

10. சளி பிடித்துவிட்டால் முதல் மூன்று நாள்

வெதுவெதுப்பான நீர், ஓய்வு, மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், குழந்தைக்கு எடைக் கணக்கில். தூதுவளை ரசமோ, சுக்கு மிளகு போட்ட கஷாயமோ பெரியவர்களுக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கும். குடியுங்கள், ஆனால் அதைக் காரணம் காட்டி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்பைச் சற்று நேரம் இளக்கும், அவ்வளவுதான். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்தால், அது சளியைவிடப் பெரிய வேதனை. சூடம் போட்ட தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகே தடவக் கூடாது. மூக்கில் எண்ணெய் விடவே கூடாது; அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா ஆகும்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் ஒரு சிறு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்து அந்தக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். சளி சிரப்பில் குளோர்ஃபெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. போன வருடம் அண்ணனுக்கு வாங்கிய பாட்டில் ஃபிரிட்ஜில் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

பிறகு, "ஒரு ஸ்ட்ராங் ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்ற கோரிக்கை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. அந்த மாத்திரை வைரஸைத் தொடாது. மஞ்சள் சளி வந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் சரியல்ல. நான் மறுத்தால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

11. எப்போது கிளம்ப வேண்டும்

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ, சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, பன்னிரண்டு மாதம் வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவரிடம் போங்கள். விலா எலும்புக்குக் கீழே சதை உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெரியவர் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் திணறினாலும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாலும், குழம்பிப் பேசினாலும் இரவென்று பார்க்காதீர்கள். ஆக்சிஜன் மானி 95-க்கு மேல் காட்டுவது வழக்கம். 92-க்குக் கீழே என்றால் மருத்துவமனை. நெடுநாள் சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கும். அந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதியிருக்க வேண்டும். குளிர்ந்த விரலும், மருதாணியும், நகப்பூச்சும் பொய் எண் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நின்ற பிறகு படியுங்கள். எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால் ஆளை நம்புங்கள்.

108-ஐ அழைத்தபின் வண்டி வரும் வரை: நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேசரில் நீல மருந்து ஒரு வீச்சு, நான்கு மூச்சு, இப்படி நான்கு வீச்சு. நான்கு நிமிடம் பார்த்துவிட்டு, குறையவில்லை என்றால் மறுபடியும் அதே நான்கு. மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளில் வேறு கணக்கு இருந்தால் அதன்படி செய்யுங்கள். படுக்க வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள்.

ஏற்காட்டிலோ அதைச் சுற்றிய மலைக் கிராமங்களிலோ இருப்பவர்கள் முடிவை மாலையிலேயே எடுங்கள். இரவில் பனிமூட்டம் இறங்கினால் வளைவுகளில் வண்டி ஊர்ந்துதான் வரும். பகலில் இரண்டு முறைக்கு மேல் நீல மருந்து தேவைப்பட்டிருந்தால் இருட்டும் முன் சேலத்துக்கு இறங்கிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் வழியையும், பக்கத்திலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் போனில் வழி சொல்பவர் பத்து வயதுப் பேரனாகவும் இருக்கலாம்.